மிக்ஸிக்கு இடப்பக்கம் ஒரு சாண்

பெங்களூர் ஈஜிபுராவில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டின் சமையல் மேடை ஏழு சாண் நீளம், இரண்டரை சாண் அகலம். கறுப்புக் கல். அதை அளந்தது என் மனைவி. அந்த வீட்டில் ஏழு வருஷம் இருந்தும், அவள் அளந்த நாள்வரை மேடைக்கு ஓர் அளவு உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜன்னலோரம் கேஸ் அடுப்பு. வலது கோடியில் சிங்க். நடுவில் மிக்ஸி, ரைஸ் குக்கர், தண்ணீர் காய வைக்கும் கெட்டில். சுவரில் பெரிய ப்ளக் ஒன்று, சின்னது ஒன்று. மிக்ஸி ஓட வேண்டுமென்றால் கெட்டிலைப் பிடுங்க வேண்டும். குக்கர் வைத்தால் மிக்ஸி காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் ஹெல்மெட்டை மேடையில் வைப்பேன். பிறகு பை, கழுத்தில் மாட்டும் ஆபீஸ் அட்டை, வண்டிச் சாவி. சின்ன ப்ளக்கில் போனைச் சொருகி, வொயரை இட்லி மாவுப் பாத்திரத்தின் மேலாக இழுத்து விடுவேன். அவள் ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுக் குழம்பு வைப்பாள்.

அவளுக்குப் பக்கத்து ஏரியாவான அடுகோடியில் ஒரு கடையில் வேலை. மிக்ஸி, கிரைண்டர், மின் அடுப்பு ரிப்பேர் செய்யும் கடை அது. வாடிக்கையாளர்கள் போனில் சொல்லும் புகாரைக் கேட்டு எழுதி மெக்கானிக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. போனை மிக்ஸிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். நான் சட்னி அரைத்தால், குளியலறைக்குள் இருந்தே, ஜார் சரியாக உட்காரவில்லை, கழற்றி மாட்டு என்பாள்.

நாற்பதை நெருங்கும்போது அவள் பொருட்களைத் தட்டிவிட ஆரம்பித்தாள். ஒரே மாதத்தில் மூன்று கண்ணாடி டம்ளர் போயின. கைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கரண்டியைத் தேடுவாள். உனக்குக் கவனமே இல்லை என்று நான் சொன்னேன். ஒரு முறையல்ல, பல முறை சொன்னேன். அவளும் அப்படித்தான் நம்பினாள். ஒரு நாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்தவள், ஓரமாக நின்றிருந்த தள்ளுவண்டியில் மோதிவிட்டாள். வண்டி திடீரென்று குறுக்கே வந்தது என்றாள். காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறது என்றார் வண்டிக்காரர். அதற்குப் பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு மெஷினில் முகவாயை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, “ரொம்ப நேரம் புள்ளியே வரலைங்க. மெஷின்தான் ரிப்பேர்னு நெனச்சேன்” என்றாள்.

மெஷினில் ரிப்பேர் எதுவுமில்லை. பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். பிறவியிலேயே ரத்தத்தில் வருவது, சிலருக்கு இந்த வயதில் தெரியவரும். மெதுவாகத்தான் போகும். நடுப்பார்வை இன்னும் பல வருஷம் இருக்கலாம், எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது. போன பார்வையைத் திருப்பித் தர அவரிடம் மருந்தில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை, பயமுறுத்தவும் இல்லை. கண் தெரியும்போதே வீட்டை உங்கள் வசதிக்கு அமைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஆட்டோவில் திரும்பும்போது, கடையில் யாருக்கும் இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்றாள் அவள். நம் வீட்டிலும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றேன் நான். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள், ஒரு கோயில் சொல்வார்கள், உனக்குத்தான் கஷ்டம் என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். அவளுக்காகத்தான் சொல்கிறேன் என்று அன்றைக்கு நான் உண்மையாகவே நம்பினேன். அம்மாவும் தங்கையும் கேட்கப்போகும் கேள்விகளை எதிர்கொள்ள எனக்குத்தான் தெம்பில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

டாக்டர் சொன்ன அமைப்பை நான் ஒரு மின் அடுப்பு வாங்குவதிலிருந்து தொடங்கினேன். நெருப்பு இல்லாத அடுப்பு இருந்தால் அவள் புடவைத் தலைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமே என்று நினைத்தேன். கடையிலிருந்ததிலேயே அழகானதை எடுத்தேன். மேல்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடி. பட்டன் கிடையாது, விரலால் தொட்டால் போதும்.

அதில்தான் சிக்கல். வழவழவென்ற கண்ணாடியில் எது எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. தடவித் தேடினால், தேடும்போதே எதையாவது தொட்டு, சூடு ஏறிவிடும் அல்லது அணைந்துவிடும். நான் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் வலது, இல்லை, மேலே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, கூட்டுகிற இடத்துக்கு மேல் ஒரு பொட்டு, குறைக்கிற இடத்துக்கு மேல் இரண்டு, அணைக்கிற இடத்துக்குப் பெரிய பொட்டு என்று ஒட்டினாள். இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. துடைக்கத் துடைக்கப் பசை விட்டது. ஒரு மதியம் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்தால், எலுமிச்சை சாதத்தின் நடுவில் மெரூன் நிறப் பொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மறுநாள் அந்த அடுப்பைக் கட்டைப்பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போய், அங்கே சும்மா கிடந்த பழைய மாடல் ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தாள். திருகுகிற குமிழ் வைத்தது. ஒவ்வொரு திருகுக்கும் கிளிக் என்று சத்தம் வரும். மூன்று கிளிக்கில் பால், ஆறில் குழம்பு. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“எனக்காகத்தான் வாங்குனீங்க, தெரியும். ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்கலையே” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் மேடையை அளந்தது. எல்லாவற்றையும் இறக்கித் தரையில் வைக்கச் சொன்னாள். கல்லைத் துடைத்தாள். ஜன்னல் பக்கச் சுவரில் கட்டைவிரலை ஊன்றி, சுண்டுவிரலை நீட்டி, ஒன்று, இரண்டு என்று சிங்க்வரை போனாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி. நான் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கொடுத்தேன். கேஸ் அடுப்பு மேடையிலிருந்து வெளியேறியது. அது இருந்த இடத்தில் குமிழ் வைத்த அடுப்பு. சிங்க்கை ஒட்டிக் குக்கர். அதற்கு இப்பால் மிக்ஸி, ஜாரின் கைப்பிடி எப்போதும் வலப்பக்கம் பார்த்து. வொயர் எல்லாம் சுவரோரம், முன்னால் ஓர் அங்குலம்கூடத் தொங்கக் கூடாது. உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், மிளகாய்த்தூளுக்கு இரண்டு. கெட்டில் பின்பக்கச் சுவர் மூலையில்.

மிக்ஸிக்கு இடப்பக்கம் ஒரு சாண் காலி.

அங்கே என்ன வைப்பது என்று கேட்டேன். ஒன்றும் வைக்கக் கூடாது என்றாள். அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை இறக்கினால் வைப்பதற்கு அந்த இடம். அது எப்போதும் காலியாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் பாத்திரத்தைத் தூக்கவே தைரியம் வரும் என்றாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஹெல்மெட் கதவுக்குப் பின்னால் ஆணியில் போனது, பை நாற்காலியில் போனது. மூன்று மாதம் ஒழுங்காக இருந்தேன். அப்புறம் ஒரு காலையில் ஆபீஸிலிருந்து போன் வந்தது. எங்கள் கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை. எங்கேயோ ஏதோ நின்றுபோனால் கூப்பிடுவார்கள். பேசிக்கொண்டே டீக்குத் தண்ணீர் காய வைத்தேன், பேசிக்கொண்டே கோப்பையில் ஊற்றினேன், பேசிக்கொண்டே பாதி நிறைந்த கெட்டிலைக் கையருகில் இருந்த காலி இடத்தில் வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன்.

உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. ஓடினேன். பருப்புப் பாத்திரத்தை இறக்க வந்திருக்கிறாள். பாத்திரம் கெட்டிலில் இடித்து, கெட்டில் கவிழ்ந்து, வெந்நீர் அவள் இடது பாதத்தின் மேல் கொட்டியிருந்தது. அவள் கையிலிருந்த பாத்திரத்தை இன்னும் விடவில்லை. துணியோடு பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், அப்படியே நின்றாள். நான் அதை வாங்கி வைத்துவிட்டு, அவளைக் குளியலறைக்கு நடத்திப்போய்க் காலில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அவள் கத்தவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஒரு சாண்தாங்க கேட்டேன்.”

புண் ஆறப் பதினைந்து நாளுக்கு மேலானது. அவள் அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான், இன்றுவரை, எதை வைத்தாலும் வைத்த பிறகு ஒரு முறை தொட்டுப் பார்க்கிறேன்.

என் தங்கை ஊருக்கு வெளியே சந்தாபுராவில் இருக்கிறாள். அங்கே ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர். சுறுசுறுப்பானவள், கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் எப்போதும் இருக்கும். என் மனைவியின் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் இரண்டு நாள் ஆரணி போனபோது, தங்கை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அண்ணிக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டுமாம். இரண்டு நாளும் அடுக்களையைத் தேய்த்துக் கழுவி, சுவரில் மூன்று தட்டு எவர்சில்வர் ஸ்டாண்டு ஒன்றை அடித்து, மேடையில் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றியிருந்தாள். டப்பாக்கள் எல்லாம் புதுசு, ஒரே மாதிரி, ஒரே உயரம்.

நாங்கள் திரும்பி வந்தபோது வாசலிலேயே காத்திருந்தாள். என் மனைவி கைகால் கழுவிக்கொண்டு டீ போட உள்ளே போனாள். தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். உள்ளிருந்து சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மனைவி இரண்டு உள்ளங்கையையும் கல்லில் வைத்து நின்றாள். கைகள் மெதுவாக இரண்டு பக்கமும் நகர்ந்தன. எதுவும் தட்டுப்படவில்லை. துடைத்து வைத்த வெறும் கல்.

“ரொம்ப சுத்தமா இருக்கும்மா” என்றாள் தங்கையிடம். பிறகு என் பக்கம் திரும்பி, பயணக் களைப்பாக இருக்கிறது, நீங்களே டீ போட்டுவிடுங்கள் என்றாள். தங்கை சந்தோஷமாகக் கிளம்பிப் போனாள்.

அன்று இரவுச் சாப்பாடு ஹோட்டலிலிருந்து வந்தது. மறுநாளும். மூன்றாம் நாள் அவள் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடலாம் என்றபோது நான் தங்கைக்காகப் பேசினேன். இரண்டு நாள் லீவு போட்டுச் செய்திருக்கிறாள், பிரியத்தில் செய்தது, பழகிக்கொள்ளப் பாரேன் என்றேன். மனைவி கோபப்படவில்லை. உங்கள் தங்கை மேல் எந்தத் தப்பும் இல்லை, அவளுக்கு என்ன தெரியும் என்றாள். அவளுக்குத் தெரியாமல் வைத்தது யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

அப்புறம் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். தங்கையைக் கூப்பிட்டு, முதலிலிருந்து சொன்னாள். தள்ளுவண்டி, மெஷின், டாக்டர் சொன்னது, எல்லாம். கடையில் புகார் எழுதிக்கொள்ளும்போது பேசுவாளே, அதே நிதானமான குரல். தங்கை அழுதிருக்க வேண்டும், ஏனென்றால் மனைவி நடுநடுவே, அழாதே, உன் முகம் எனக்கு இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் போனை என்னிடம் நீட்டினாள்.

“ஒரு வருஷமா அண்ணி தனியா சமாளிச்சிருக்காங்க. என்கிட்டகூட சொல்லலையா நீ?” என்றாள் தங்கை. சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அந்த வாரமே அம்மாவுக்கும் நானே போன் செய்து சொன்னேன். அம்மா ஒரு கோயில் பெயரைச் சொன்னார். போகிறோம் என்றேன். அவ்வளவுதான் நடந்தது. நான் பயந்தது போல எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். ஸ்டாண்டைக் கழற்றப் போனவளை மனைவி தடுத்து, கீழ்த் தட்டு இருக்கட்டும், அது கைக்கு எட்டும் என்றாள். மற்றபடி எல்லாம் கீழே இறங்கின. தங்கை ஒவ்வொன்றாகக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணி, இது எங்கே, இது எங்கே என்று கேட்டாள். புது டப்பாக்களில் உப்புக்கு ஒரு ரப்பர் பேண்டும் மிளகாய்த்தூளுக்கு இரண்டும் போட்டாள். காலி இடம் வந்தபோது தன் கையாலேயே சாண் வைத்துப் பார்த்தாள். அவள் சாண் சின்னது. இன்னும் இரண்டு விரல் தள்ளிப் போ என்றாள் மனைவி.

அந்த வருஷக் கடைசியில் கீழ்வீடு காலியானது. மாடிப் படியில் அவள் எண்ணிக்கொண்டே இறங்குவதை முதல் மாடியில் இருந்த ஓனரம்மா கவனித்திருக்கிறார். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பேச்சில் கன்னடம் தானாக வந்து விழும். “கீழ வந்துடும்மா, மெட்டலு ஏற வேணாம். வேற யாருக்கும் நான் குடுக்கல” என்றார். மெட்டலு என்றால் அவருக்குப் படிக்கட்டு.

மனைவி முதலில் தனியாகப் போய்ப் பார்த்தாள். பிறகு நான் போனேன். அங்கே மேடை ஒன்பது சாண், நேராக இல்லாமல் மூலையில் திரும்பியது. சிங்க் இடது கோடியில். எல்லாமே தலைகீழ். இது வேண்டாம், மேலேயே இருந்துவிடலாம், அங்கேதான் உனக்கு எல்லாம் பழகிவிட்டதே என்றேன்.

“இன்னும் கொஞ்சம் பார்வை இருக்குதுங்க. புது இடம் பழகணும்னா இப்பவே பழகிடணும். நாலு வருஷம் கழிச்சு மாறணும்னு வந்தா எப்படிப் பழகுவேன்?” என்றாள்.

அதைப் பற்றி நான் அப்படி யோசித்ததில்லை. சரி என்றேன். அவள் கடையிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியன் வந்து, அவள் கைவைத்துக் காட்டிய இடங்களில் மூன்று ப்ளக் போட்டுக் கொடுத்தார். பத்து நாள் இரண்டு வீட்டுச் சாவியும் எங்களிடம் இருக்க ஓனரம்மா ஒத்துக்கொண்டார். மேலே சமையல், கீழே பழக்கம். கடையிலிருந்து வந்ததும் கீழே போய், ஒன்றுமில்லாத அந்த அடுக்களையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வருவாள். என்னை உள்ளே வரச் சொன்னதில்லை. நானும் போனதில்லை.

பால் காய்ச்சுவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை பார்த்தோம். தங்கை வந்திருந்தாள், ஓனரம்மா ஒரு தேங்காயோடு இறங்கி வந்தார். குமிழ் அடுப்பைச் சிங்க்குக்கு வலப்பக்கம் வைத்து, புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றினாள். பொங்கட்டும் என்று மூன்றுக்குப் பதிலாக ஆறு கிளிக். மற்ற நாட்களில் பால் பொங்குவதற்கு முன்பே சத்தத்தை வைத்து அணைத்துவிடுபவள், அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பால் ஏறி, விளிம்பைத் தாண்டி, அடுப்பைச் சுற்றி வழிந்து மேடையில் ஓடியது. நல்லபடியாகப் பொங்கிவிட்டது, கிழக்குப் பக்கமாகத்தான் வழிந்தது என்றார் ஓனரம்மா.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் துணியை எடுத்தாள். தங்கை, நான் துடைக்கிறேன் அண்ணி என்றாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பால் போன வழியே துடைத்துக்கொண்டு போனாள். மேடை திரும்பும் மூலையில் அவள் கை நின்றது. துணியை வைத்துவிட்டு விரலால் தடவினாள். இரண்டு கல் சேரும் இடம் அது. மெல்லிய கோடு போல ஒரு பள்ளம், அதற்குள் கொஞ்சம் பால் நின்றிருந்தது.

“இங்க ஒரு இணைப்பு இருக்குது” என்றாள். இத்தனை நாள் நின்றும் அது கையில் படவே இல்லையாம். இரண்டு பக்கமும் சாண் போட்டுப் பார்த்தாள். சிங்க் பக்கம் நாலு, ஜன்னல் பக்கம் ஐந்து. இனி எல்லாவற்றையும் இங்கேயிருந்தே எண்ணிக்கொள்ளலாம் என்றாள். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, நாலு டம்ளர் கேட்டாள். நான் ஒவ்வொன்றாக அவள் கையிலேயே கொடுத்தேன். பாலில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். எல்லாரும் நின்றபடியே குடித்தோம்.